கொடை, கல்வெட்டு, தேர்வடம்: பண்பாட்டு உரிமை பற்றி நெல்லைச் சீமையில் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

கோயில் கொடைகளில், அதாவது எங்கள் பக்கத்து நாட்டார் தெய்வத் திருவிழாக்களில், வில்லுப்பாட்டைப் பதிவு செய்யவும், பழைய கல்வெட்டுகளைப் படம் எடுக்கவும் நானும் இரண்டு நண்பர்களும் சில வருடங்களாக ஊர் ஊராகப் போய் வருகிறோம். ரெக்கார்டரை அணைத்த பிறகுதான் உண்மையான பேச்சு தொடங்கும். டீக்கடை பெஞ்சில், கோயில் திண்ணையில், திரும்பி வரும் பஸ்ஸில் என்று கிட்டத்தட்ட அதே கேள்விகளைத்தான் எல்லோரும் கேட்கிறார்கள். அவற்றைக் கேட்டவர்களின் வாய்மொழியிலேயே இங்கே தொகுத்திருக்கிறேன். நெல்லைச் சீமை என்று நான் சொல்வது பழைய திருநெல்வேலி ஜில்லா. இன்றைய தூத்துக்குடி, தென்காசி மாவட்டங்களும் அதில் சேர்த்தி. நான் வக்கீல் இல்லை. வழக்கு என்று வந்துவிட்டால் ஒரு வக்கீலைப் பாருங்கள்.

அண்ணாச்சி, பண்பாட்டு உரிமைன்னா என்ன? கோயில்ல முதல் மரியாதை கேக்கிறதா?

பெரும்பாலும் அப்படித்தான் நினைக்கிறார்கள். மரியாதை என்பது பரிவட்டம் மாதிரி. ஒருவர் தலையில் கட்டினால் இன்னொருவருக்கு இல்லை. நான் சொல்வது வேறு. உங்கள் மொழியைப் பேசவும், சாமியைக் கும்பிடவும், கதையைப் பாடவும், கைத்தொழிலைப் பிள்ளைகளுக்குச் சொல்லிக் கொடுக்கவும் யாரும் தடுக்கக் கூடாது என்பது ஒரு பாதி. ஊருக்குப் பொதுவான கோயில், குளம், திருவிழா, தெரு ஆகியவற்றில் எல்லோரையும் போல நீங்களும் கலந்துகொள்ளலாம் என்பது மறு பாதி.

இதில் சேர்ந்தே இருக்கும் இன்னொன்றைப் பலர் விட்டுவிடுகிறார்கள். 'எங்கப்பா ஆடின ஆட்டத்தை நான் ஆட மாட்டேன், எங்கப்பா அடிச்ச பறையை நான் அடிக்க மாட்டேன்' என்று சொல்கிற பையனுக்கும் அது உரிமைதான். அவன் விலகினால் ஊர்ப் பாரம்பரியம் அழிகிறது என்று அவனைக் கட்டாயப்படுத்த யாருக்கும் பாத்தியதை கிடையாது.

இதெல்லாம் இனச் சண்டை நடக்கிற நாட்டுக்குத்தானே? நமக்கு எதுக்கு?

1981இல் யாழ்ப்பாணம் பொது நூலகத்தை எரித்தபோது சுமார் 97,000 நூல்களும் ஏட்டுச்சுவடிகளும் சாம்பலாயின. போஸ்னியாவில் மோஸ்தர் ஊரின் பழைய கல்பாலம் 16ஆம் நூற்றாண்டில் கட்டியது. 1993 நவம்பர் 9 அன்று பீரங்கியால் அடித்தே அதை ஆற்றில் விழ வைத்தார்கள். ஒரு கூட்டத்தை அடிக்க நினைப்பவர்கள் அதன் நூலகத்தையும் பாலத்தையும் கும்பிடும் இடத்தையும் சேர்த்தே அடிக்கிறார்கள். ஆளை விரட்டினால் திரும்பி வரலாம். அவன் அங்கே இருந்தான் என்பதற்கான சாட்சியமும் போய்விட்டால் திரும்பி வருவதற்கு அவனுக்கு இடமே இருக்காது.

நம்மிடம் அந்த அளவு நடக்கவில்லை, சரி. ஆனால் 1895இல் கழுகுமலையில் என்ன நடந்தது? தேரோடும் வீதியில் நாடார்கள் ஊர்வலம் போகக் கூடாது என்று தடுத்தார்கள். அவர்களில் ஒரு பகுதியினர் கத்தோலிக்கராகி அதே வீதியில் ஜெபக்கூடம் வைத்தார்கள். பங்குனித் தேர் வந்த அன்று மூண்ட கலவரத்தில் எட்டயபுரம் ஜமீனின் மேலாளர் உட்படப் பலர் செத்தார்கள். நூறு வருடம் கழித்து, 1997இல், ஒரு போக்குவரத்துக் கழகத்துக்குக் கட்டபொம்மனின் தளபதியும் தேவேந்திரகுலத்தவருமான வீரன் சுந்தரலிங்கத்தின் பெயரை வைத்ததில் தென் மாவட்டங்களே பற்றிக்கொண்டன. கடைசியில் அரசு எல்லாப் போக்குவரத்துக் கழகங்களிலிருந்தும் மாவட்டங்களிலிருந்தும் தலைவர்கள் பெயரையே எடுத்துவிட்டது. நெல்லை கட்டபொம்மன் மாவட்டம் வெறும் திருநெல்வேலி மாவட்டமானது அப்போதுதான். பஸ்ஸின் நெற்றியில் எழுதிய பெயருக்காக உயிர் போன ஊரில் இந்தப் பேச்சு எதற்கு என்று கேட்டால் நான் என்ன சொல்வது?

சட்டத்துல எங்கேயாச்சும் எழுதியிருக்கா, இல்ல நீங்களா சொல்லுதீங்களா?

எழுதியிருக்கிறது. அரசியலமைப்பின் 29ஆவது பிரிவு, தனக்கென மொழியோ எழுத்தோ பண்பாடோ உள்ள எந்தப் பகுதி மக்களும் அதைப் பேணிக்கொள்ளலாம் என்கிறது. 17ஆவது பிரிவு தீண்டாமையை ஒழிக்கிறது. 25ஆவது பிரிவு வழிபாட்டு உரிமையைத் தருகிறது. அதிலேயே, பொதுவான இந்துக் கோயில்களை எல்லா வகுப்பினருக்கும் திறந்துவிட அரசு சட்டம் செய்யலாம் என்றும் இருக்கிறது. 51அ பிரிவு நம் கூட்டுப் பண்பாட்டின் பாரம்பரியத்தைப் பாதுகாப்பதைக் குடிமக்களின் கடமை ஆக்குகிறது. 'கூட்டு' என்ற சொல்லை அங்கே கவனியுங்கள்.

வெளியே என்றால், குடிமை அரசியல் உரிமைகளுக்கான பன்னாட்டு உடன்படிக்கையின் 27ஆவது பிரிவு சிறுபான்மையினரின் பண்பாடு, சமயம், மொழி மூன்றையும் காக்கச் சொல்கிறது. இந்தியா 1979இல் அதில் சேர்ந்தது.

எங்க ஊர்க் கோயில் கல்வெட்டு மேல பெயிண்ட் அடிச்சிட்டாங்க. யாருகிட்ட போய்ச் சொல்ல?

முதலில் அந்தக் கோயில் யார் கையில் இருக்கிறது என்று பாருங்கள். மத்தியத் தொல்லியல் துறையின் பாதுகாப்பில் உள்ள இடம் என்றால் நீலப் பலகை இருக்கும். அங்கே சுற்றிலும் 100 மீட்டருக்குக் கட்டடம் கட்டத் தடை. அதற்கு அப்பால் 200 மீட்டருக்கு அனுமதி வாங்கித்தான் கட்டலாம். சேதப்படுத்தினால் 2 வருடம் வரை சிறை. மாநிலத் தொல்லியல் துறையின் கீழ் உள்ளவற்றுக்கு 1966ஆம் ஆண்டுச் சட்டம். மற்றபடி நம் பக்கத்துக் கோயில்களில் பெரும்பாலானவை அறநிலையத் துறையின் கீழ் வரும். செயல் அலுவலரிடம் எழுதிக் கொடுத்து, மாவட்டத் தொல்லியல் அலுவலருக்கும் ஒரு நகல் அனுப்புங்கள்.

பெயிண்ட் கூடப் பரவாயில்லை, பொறுமையாக எடுத்துவிடலாம். மணலைப் பீய்ச்சி அடித்துச் சுவரைச் 'சுத்தம்' செய்தால் எழுத்தே போய்விடும். ஒரு ஊரில் நாங்கள் போனபோது பாதிச் சுவர் முடிந்திருந்தது. திருப்பணிக் குழுவில் யாரும் கெட்ட எண்ணத்தோடு செய்யவில்லை. பளபளவென்று இருக்கட்டும் என்று நினைத்தார்கள், அவ்வளவுதான். அதனால் கும்பாபிஷேகப் பேச்சு எடுத்த அன்றே செல்போனில் கல்வெட்டை வரிசையாகப் படம் எடுத்து வைத்துவிடுங்கள். சாய்ந்த வெயிலில், காலையிலோ மாலையிலோ எடுத்தால் எழுத்து தெளிவாக விழும்.

தோட்டத்துல தாழி கெடைச்சா சொல்லலாமா? நெலம் போயிருமே?

ஆதிச்சநல்லூர் பக்கம் இந்தப் பயம் அதிகம். அங்கே தாழிக்காடு, அதாவது பழங்காலத்தில் இறந்தவர்களைத் தாழியில் வைத்துப் புதைத்த இடம், 114 ஏக்கர். 1876இல் ஜெர்மனியிலிருந்து வந்த யாகோர் தோண்டியெடுத்துப் பெர்லினுக்குக் கொண்டுபோனார். பிறகு தொல்லியல் துறையின் அலெக்சாந்தர் ரீ தோண்டியவை சென்னை அருங்காட்சியகத்துக்குப் போயின. நம்மூரில் கிடைத்ததைப் பார்க்க நம்மூர்க்காரன் டிக்கெட் எடுத்து ரயில் ஏற வேண்டியிருந்தது. அந்த மனக்குறை நியாயமானது. தாழியைத் தோண்டிய இடத்திலேயே வைத்து மக்களுக்குக் காட்டும் ஏற்பாடு ஆதிச்சநல்லூரில் வந்தது இந்தச் சில வருடங்களில்தான்.

உங்கள் கேள்விக்கு வருகிறேன். 1878ஆம் ஆண்டுப் புதையல் சட்டப்படி, மண்ணுக்குள்ளிருந்து 10 ரூபாய்க்கு மேல் மதிப்புள்ள எது கிடைத்தாலும் கலெக்டருக்குத் தெரிவிக்க வேண்டும். மறைப்பதுதான் குற்றம். ஒரு பானை கிடைத்தது என்பதற்காகப் பட்டா தானாக ரத்தாகிவிடாது. அரசுக்கு நிலம் வேண்டுமென்றால் அதற்குத் தனிச் சட்டம், இழப்பீடு எல்லாம் இருக்கிறது. பொக்லைனைக் கூப்பிட்டு உடைத்து மூடிவிடுவதுதான் இதில் யாருக்குமே லாபமில்லாத வழி.

கணியான் கூத்து சாமி காரியமாச்சே. மேடையில ஆடலாமா? வேற ஆளுங்க கத்துக்கிடலாமா?

தெரியாதவர்களுக்காக: சுடலைமாடன் கொடையில் மகுடம் என்ற தோற்கருவி இரண்டை அடிக்க, அண்ணாவி என்கிற தலைமைப் பாடகர் பாட, ஆண்கள் பெண் வேடம் கட்டி ஆடுவது கணியான் கூத்து. பட்டியல் பழங்குடிகளில் ஒன்றான கணியான் சமூகத்தார் மட்டுமே வழிவழியாகச் செய்து வருகிறார்கள். அதில் கைவெட்டு என்று ஒரு சடங்கு உண்டு. கையைக் கீறி இரத்தத்தைப் படைப்பது. கல்லூரி விழா மேடையில் அதைக் கேட்கிறவர்களையும் நான் பார்த்திருக்கிறேன். வெட்கமாக இருந்தது.

மகுடம் அடிக்கவும் பாடவும் மற்றவர்கள் கற்றுக்கொள்ளலாமா என்பதை அண்ணாவிகள்தான் சொல்ல வேண்டும். நான் கேட்ட அண்ணாவிகளில் ஒருவர், "படிக்கட்டும், ஆனா எங்ககிட்ட படிச்சேன்னு சொல்லட்டும்" என்றார். இன்னொருவர் சடங்குப் பகுதியைக் கொடுக்க மாட்டேன் என்றார். இரண்டுமே எனக்குச் சரியாகத்தான் படுகிறது. கலை வாழ வேண்டும் என்று பேசுகிற நாம் ஒன்றை மட்டும் சேர்த்துப் பார்க்க வேண்டும்: இரவெல்லாம் ஆடியவருக்குக் கொடை வீட்டில் எங்கே உட்கார வைத்துச் சோறு போடுகிறார்கள்?

முத்துப்பட்டன் கதையை ரெண்டு விதமா பாடுதாங்க. எது சரி?

பிராமணனான முத்துப்பட்டன், சக்கிலியர் குலத்து வாலப்பகடையின் மகள்கள் பொம்மக்காவையும் திம்மக்காவையும் கல்யாணம் செய்ய, பூணூலை அறுத்து, செருப்புத் தைத்து, மாடு காத்து, கடைசியில் மாடு பிடிக்க வந்தவர்களோடு சண்டையிட்டுச் செத்தான். பாபநாசத்துக்கு மேலே காரையாறு சொரிமுத்தையனார் கோயிலில் பட்டவராயனாக நிற்கிறான். இன்றும் அவனுக்குச் செருப்புதான் காணிக்கை. ஆடி அமாவாசைக்கு எந்தெந்த ஊர், எந்தெந்த ஜாதி என்று கணக்கில்லாமல் கூட்டம் வருகிறது.

இன்னொரு பாடத்தில், அந்தப் பெண்கள் பிறப்பில் பிராமணப் பிள்ளைகள் என்றும், காட்டில் கிடந்தவர்களைப் பகடை எடுத்து வளர்த்தான் என்றும் வரும். நாட்டுக் கதைப்பாடல்களைத் தொகுத்த நாங்குநேரிக்காரர் நா. வானமாமலை, கதையின் கூர்மையை மழுக்கப் பின்னால் செய்த மாற்றம் இது என்று காட்டியிருக்கிறார். எனக்கும் அப்படித்தான் தோன்றுகிறது. ஆனாலும் பதிவு செய்யும்போது இரண்டையும் பதிவு செய்வோம். யார், எந்த ஊரில், எந்தத் தேதியில் பாடினார் என்று எழுதி வைப்போம். ஒரு பாடத்தை அழித்துவிட்டால், யாரோ ஒருவருக்கு அந்த மாற்றம் ஏன் தேவைப்பட்டது என்பதும் சேர்ந்து அழிந்துவிடும்.

எங்க தாத்தா காலத்து வழக்கம். மாத்தச் சொன்னா அது எங்க பண்பாட்டு உரிமையில தலையிடுறது இல்லையா?

அதிகம் கேட்கப்படுவதும், கோபத்தோடு கேட்கப்படுவதும் இதுதான். பெரும்பாலும் இந்தத் தெருவுக்குள் தேர் வராது, இன்னார் வடம் தொடக் கூடாது, இன்னாருக்கு மண்டகப்படி கிடையாது என்கிற பேச்சின் முடிவில் வரும்.

வழக்கத்துக்குச் சட்டத்தில் மதிப்பு இருக்கிறது. கோயில் மரியாதை பற்றிய தகராறு என்றால் 1959ஆம் ஆண்டு அறநிலையச் சட்டத்தின் 63ஆவது பிரிவின் கீழ் இணை ஆணையர் விசாரிப்பார். பழைய வழக்கம் என்ன என்பதும் அந்த விசாரணையில் சேரும். ஆனால் பிறப்பைக் காட்டி ஒருவரைத் தள்ளி வைப்பது எத்தனை தலைமுறை நடந்திருந்தாலும் வழக்கமாக நிற்காது. 17ஆவது பிரிவும் 1955ஆம் ஆண்டுக் குடிமை உரிமைகள் பாதுகாப்புச் சட்டமும் 1989ஆம் ஆண்டு வன்கொடுமைத் தடுப்புச் சட்டமும் அதற்குத்தான். கலை, சடங்கு, கைத்தொழில் போன்ற வாழும் மரபுகளுக்கான யுனெஸ்கோவின் 2003ஆம் ஆண்டு உடன்படிக்கையும், மனித உரிமைக்கும் சமூகங்களுக்கிடையே பரஸ்பர மதிப்புக்கும் ஒத்துப்போகிற மரபை மட்டுமே தான் கணக்கில் எடுப்பதாகச் சொல்கிறது.

நான் வைத்திருக்கும் அளவுகோல் எளிது. அந்த வழக்கத்திலிருந்து அடுத்தவனை விலக்கும் பகுதியை மட்டும் எடுத்துவிட்டுப் பாருங்கள். தேர் இருக்கும், மேளம் இருக்கும், சாமி இருக்கும், உங்கள் குடும்பம் தரும் மாலையும் இருக்கும். எதுவுமே மிஞ்சாது என்று தோன்றினால், தாத்தா விட்டுப்போனது என்ன என்று நீங்களே யோசித்துக்கொள்ளுங்கள்.

கிறிஸ்தவங்க கோயில்ல இந்தப் பிரச்சினையே இல்லையே?

வடக்கன்குளம் போயிருக்கிறீர்களா? 1872இல் அங்கே கட்டிய கோயிலை மேலேயிருந்து பார்த்தால் கால்சட்டை மாதிரி இருக்குமாம். ஒரு காலில் வெள்ளாளர், இன்னொன்றில் நாடாரும் மற்றவர்களும். பீடம் மட்டும் பொது. நடுவே தடுப்பு. 1910இல் பாதிரியார்கள் அந்தத் தடுப்பை இடித்தார்கள். தங்கள் பழைய பாத்தியதை போச்சு என்று வழக்குப் போட்டவர்களுக்கு உயர் நீதிமன்றத்தில் வெற்றி கிடைக்கவில்லை.

அப்போ அந்தச் சுவரை இடிச்சதும் பாரம்பரியத்தை இடிச்சதுதானே? நீங்க மட்டும் கல்வெட்டுக்கு அழுதீங்க?

நல்ல கிடுக்கிப்பிடி. கேட்டவர் கல்லூரியில் படிக்கிற பெண். சட்டென்று எனக்குப் பதில் வரவில்லை.

அந்தத் தடுப்பு வேலை செய்துகொண்டிருந்தது. ஒவ்வொரு ஞாயிறும் ஆட்களைப் பிரித்துக்கொண்டிருந்தது. வேலை செய்கிற சுவரை இடிக்கத்தான் வேண்டும். யாரையும் தடுக்காமல் வெறும் கல்லாக நிற்கும் பழைய சுவர் என்றால், விட்டுவைத்துப் பக்கத்தில் பலகை வைக்கலாம். இடித்தாலும் படமும் அளவும் எடுத்துவிட்டு, ஏன் இடித்தோம் என்று எழுதிவிட்டு இடிக்க வேண்டும். இல்லையென்றால், மேலே கேட்டவர் மாதிரி யாராவது ஐம்பது வருடம் கழித்து 'இந்தப் பிரச்சினையே இல்லையே' என்பார்கள்.

பத்தமடைப் பாய்க்குப் புவிசார் குறியீடு வாங்கியாச்சே. பாதுகாத்தாச்சுன்னுதானே அர்த்தம்?

பெயரைப் பாதுகாத்தாச்சு. வேறு எங்கோ நெய்ததைப் பத்தமடைப் பாய் என்று விற்றால் கேட்கலாம். தாமிரபரணிக் கரையில் கோரை கிடைப்பதற்கோ, நுண்ணிழைப் பாய்க்கு நாள்கணக்கில் தறியில் உட்காரும் கைகளுக்குக் கூலி உயர்வதற்கோ குறியீடு பொறுப்பல்ல. நெய்கிறவர்களில் பெரும்பாலோர் முஸ்லிம் பெண்கள். மாப்பிள்ளை, பெண் பெயர் நெய்த பாய் எல்லா மதத்துக் கல்யாண வீட்டுக்கும் போகிறது. வாங்கும்போது யார் நெய்தது என்று கேட்டுவிட்டு வாங்குங்கள்.

பையன் கையில கலர்க் கயிறு கட்டுறதும் பண்பாடுதானே? அதை மட்டும் ஏன் அவுக்கச் சொல்லுதாங்க?

கோயில் கயிறு வேறு. எந்த நிறம் எந்த ஜாதி என்று வகுப்பில் எல்லோருக்கும் தெரிகிற கயிறு வேறு. 2023 ஆகஸ்டில் நாங்குநேரியில் ஒரு மாணவரும் அவர் தங்கையும் வீட்டுக்குள்ளேயே வெட்டப்பட்டார்கள். வழக்கில் பிடிபட்டவர்கள் உடன் படித்த பையன்கள். அதன் பிறகு அரசு அமைத்த ஓய்வுபெற்ற நீதிபதி சந்துரு குழு, 2024இல் கொடுத்த அறிக்கையில் கயிறைத் தடுக்கவும், பள்ளிப் பெயர்களில் உள்ள ஜாதி அடையாளத்தை எடுக்கவும் பரிந்துரைத்தது. தாத்தா வழக்கம் பற்றிய பதிலில் சொன்ன அளவுகோலை இதிலும் வைத்துப் பாருங்கள். இந்தக் கயிறுக்குத் தாத்தா கூடக் கிடையாது, நேற்று வந்தது.

வீட்ல சௌராஷ்டிரம் பேசுதோம். பிள்ளைங்களுக்கு மறந்துக்கிட்டே போகுது. சட்டம் உதவுமா?

வீரவநல்லூரில் கேட்டது. சங்கரன்கோவில், கோவில்பட்டிப் பக்கத்துத் தெலுங்குக் குடும்பங்களும் இதையே கேட்கிறார்கள். சிறுபான்மை மொழிக் குழந்தைகளுக்குத் தொடக்கக் கல்வியைத் தாய்மொழியில் தர வசதி செய்ய 350அ பிரிவு அரசுக்குச் சொல்கிறது. ஆனால் பாட்டி பேச்சைச் சட்டம் வந்து பேசாது. பாட்டியின் தாலாட்டையும் வசவையும் செல்போனில் பிடித்து வையுங்கள். வசவை விட்டுவிடாதீர்கள், மொழியின் பாதி ருசி அதில்தான்.

பொட்டல்புதூருக்கு எல்லாருந்தான் போறோம். இப்போ திடீர்னு யாருதுன்னு கேக்காங்களே?

பொட்டல்புதூர் முகைதீன் ஆண்டவர் பள்ளிவாசலின் கல்மண்டபத்தைப் பார்த்தால் கோயில் மண்டபம் என்றே தோன்றும். கந்தூரிக்கு இந்துக்களும் நேர்ச்சை செலுத்துகிறார்கள். உவரி அந்தோணியார் கோயிலும் அப்படித்தான். யாருடையது என்ற கேள்விக்குச் சட்டம் 1991லேயே பதில் சொல்லியிருக்கிறது: 1947 ஆகஸ்ட் 15 அன்று ஒரு வழிபாட்டிடம் எந்தச் சமயத்துக்கு உரியதாக இருந்ததோ அப்படியே தொடரும். அயோத்தி மட்டும் விலக்கு. பழம்பெரும் நினைவுச்சின்னங்களுக்குத் தனிச் சட்டம்.

சைப்ரஸ் தீவு 1974இலிருந்து இரண்டாகக் கிடக்கிறது. அங்கே 2008இல் இரு தரப்பும் சேர்ந்து ஒரு குழு அமைத்து, வடக்கில் விட்டுப்போன தேவாலயங்களையும் தெற்கில் விட்டுப்போன மசூதிகளையும் பழுது பார்த்து வருகின்றன. கும்பிட ஆளில்லாத ஊரில் அடுத்தவன் கோயிலுக்கு ஓடு மாற்றுகிறார்கள். நமக்கு அந்தச் சிரமம் கூட இல்லை, கும்பிட ஆள் இருக்கிறார்கள்.

வெளியாளுங்க வந்து ரெக்கார்டு பண்ணிட்டுப் போறாங்க. குடுக்கலாமா?

என்னையும் சேர்த்துத்தான் இந்தச் சந்தேகம், தெரியும். எதற்கு, எங்கே போடுவீர்கள், பாடியவர் பெயர் வருமா, எங்களுக்கு ஒரு பிரதி உண்டா என்று நான்கையும் முதலிலேயே கேளுங்கள். பதில் மழுப்பலாக இருந்தால் கொடுக்காதீர்கள்.

மருந்தறிவு என்றால் இன்னும் கவனம். அகத்தியமலையின் கேரளப் பக்கத்தில் காணிப் பழங்குடியினர் காட்டிக் கொடுத்த ஆரோக்கியப்பச்சைச் செடியிலிருந்து ஒரு மருந்து வந்தது. அதை உருவாக்கிய ஆராய்ச்சி நிறுவனம் உரிமத் தொகையில் பாதியைக் காணிகளின் அறக்கட்டளைக்குக் கொடுத்தது. உலகம் முழுக்கப் பேசப்பட்டாலும், எல்லாக் காணிகளையும் கேட்டார்களா என்ற குறையும் கூடவே எழுந்தது. காரையாறு, சேர்வலாறு பக்கத்துக் காணிகளுக்கு 2006ஆம் ஆண்டு வன உரிமைச் சட்டம், பல்லுயிர் வளம் பற்றிய மரபறிவின் மீது சமூக உரிமையைக் கொடுக்கிறது. கிராம சபையில் பேசி முடிவெடுக்காமல் தனியாள் யாரும் வேரைப் பிடுங்கிக் காட்ட வேண்டாம்.

பழைய சண்டையையும் எழுதணுமா? மறந்துட்டா நல்லதுதானே?

கழுகுமலை மாதிரிக் கதைகளை இரண்டு தெருவிலும் கேட்டிருக்கிறேன். ஒரு தெருவில் தேரை மறித்தார்கள் என்று தொடங்கும். அடுத்த தெருவில், தெருவை மறித்தார்கள் என்று. முத்துப்பட்டன் கதைக்குச் சொன்னதையே இதற்கும் செய்கிறோம்: இரண்டையும் தனித்தனியாக, தேதியோடு. நடுவில் சமாதானமாக ஒரு மூன்றாம் கதையை நாங்கள் எழுதுவதில்லை.

ஒரு பெரியவர், பேசி முடித்த பிறகு, "நான் சொன்னதை எம் பேரன் கேக்க வேண்டாம்யா" என்றார். அழித்துவிடட்டுமா என்று கேட்டேன். கொஞ்ச நேரம் யோசித்தார். "அழிக்காதேயும். அடுத்த தெருக்காரன் சொன்னதையும் வாங்கிட்டு வாரும். ரெண்டையும் சேத்துக் கேக்கட்டும்" என்றார். அந்த இரண்டாவது பதிவுக்காகத்தான் இந்த மாசிக் கொடைக்கு மறுபடி அந்த ஊருக்குப் போகிறோம்.